பற்றிமா பேரில் ஒரு துவக்கு

படுக்கையறை வாசலிலிருந்து குசினி ஜன்னல் வரைக்கும் ஆறு மீற்றர் நாற்பது. பேனாட் அளவுநாடாவின் ஒரு நுனியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மற்ற நுனியை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்து, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதினார். பற்றிமா குசினி வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாடா அவளுடைய காலில் இடறியது.

"தள்ளி நில்."

"எவ்வளவு தள்ளி நிக்கவேணும்? ஊருக்குப் போகட்டோ?"

"இந்தத் தூரத்திலை சுட்டால் துவக்குச் சன்னம் ஒரு சோத்துத் தட்டளவுக்குத்தான் விரியுமாம்," என்றார் பேனாட், அவள் சொன்னது காதில் விழாதது போல.

"ஆற்றை தட்டிலை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பகிடி விடாதை. உன்னாலை வந்த வினைக்குத்தான் நான் இந்தப் பாடு படுறன்."

மூன்று கிழமையாக அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான். சுவிஸில், டீட்டிகோனில், ரெயில் பாதைக்குப் பக்கத்துக் கட்டடம் ஒன்றில், நிலத்தோடு இருக்கிற வீடு. பேனாட் ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். பற்றிமா வயோதிபர் இல்லத்தில் வேலை. பேசாலையிலிருந்து இருபத்தியொரு வயதில் வந்தவள். இங்கத்தை மொழியை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. எண்பது, தொண்ணூறு வயதுக் கிழவிகளைக் குளிக்க வார்க்கும்போதும் தலை வாரி இழுத்துவிடும்போதும் அவர்களிடமிருந்தே பிடித்துக்கொண்டாள். அதனால் அவள் வாய் திறந்தால் அந்தக் காலத்துச் சுவிஸ் ஆச்சி ஒருத்தி கதைக்கிற மாதிரி இருக்கும். கடைக்காரப் பெடியள் சிரிப்பார்கள். சிரித்தாலும் மரியாதையாகத்தான் பதில் சொல்வார்கள்.

வினை வந்தது போன ஒக்டோபரில். அவர்களுடைய கலியாணத்தின் இருபத்தைந்தாம் வருச நிறைவு. கோயில் மண்டபத்தில் பூசையும் சாப்பாடும். முதல் நாள் பற்றிமா நகை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மகள் அஞ்சலின் படம் எடுத்தாள். பற்றிமா அதைத் தன் ரெலிபோனில் எல்லாரும் பார்க்கப் போட்டாள். நாளைக்கு மூன்று மணிக்கு மண்டபத்தில் சந்திப்போம் என்று கீழே எழுதியும் விட்டாள். எங்கடை சனம் எல்லாரும் செய்கிற வேலைதான். வீட்டில் பொன் இருக்கிறது, நாளைக்கு வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கெல்லாம் பறை அடித்தது மாதிரி என்று அப்போது அவளுக்குப் படவில்லை.

மூன்று மணிக்கு அவர்கள் மண்டபத்தில் நின்றார்கள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது குசினி ஜன்னல் கழன்று தொங்கியது. மண்டபத்துச் சனத்துக்குள் தொலைந்துவிடும் என்று மற்ற நகையை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால், கழுத்தில் கிடந்த தாலிக்கொடி மாத்திரம் மிச்சம். அவளுடைய தாயின் அட்டியலும், அஞ்சலினின் காப்புகளும், மாதா பதித்த பதக்கமும் போய்விட்டன. மாவுப் பேணியைக்கூடக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். எங்கடை வீடுகளில் நகை மாவுப் பேணிக்குள் இருக்கும் என்பது கள்ளனுக்கும் தெரிந்திருக்கிறது.

பொலிஸ்காரி ஒருத்தி வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"இது உடைத்த ஜன்னல் இல்லை. மேல்பக்கம் சரித்து விட்டிருக்கிறீர்கள். சரித்துவிட்ட ஜன்னல் திறந்த ஜன்னல் மாதிரித்தான்," என்றாள். பிறகு கேட்டாள்: "கடைசியாக வீட்டை விட்டு வெளியே வந்தது யார்?"

பேனாட் உடனே, அவளுடைய மொழியில் அரைகுறையாகச் சொன்னார்: "என் மனைவி."

அது பொய். பற்றிமா காருக்குள் இருந்துவிட்டாள். கேக் வெட்டுகிற கத்தியை மறந்துவிட்டேன் என்று திரும்பப் போனது அவர். விடிய விடிய ரோல்ஸ் பொரித்த மணம் வீடு முழுக்க நின்றது. மேல் வீட்டு ஹுன்ஸிக்கர் கிழவன் மணத்தைப் பற்றி உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரில் ஏற்கெனவே இரண்டு கடிதம் ஒட்டியிருந்தார். மூன்றாவது கடிதத்துக்குப் பயந்து பேனாட்தான் அந்த ஜன்னலைச் சரித்துவிட்டு வந்தார். காருக்குள் ஏறும்போது அவரே அதைச் சொன்னவர்.

பொலிஸ்காரி எழுதிக்கொண்டாள். பற்றிமா பேசாமல் நின்றாள். வெளியாளுக்கு முன்னால் புருசனைப் பொய்யனாக்கக் கூடாது என்று நினைத்தாள். அந்த ஒரு நிமிசப் பேசாமையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் நாளே, ஜன்னலையும் அவள்தான் திறந்து விட்டவள் என்று வேலையிடத்தில் சொன்னார். ஒரு கிழமைக்குப் பிறகு அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் போல இருந்தது.

பிறகு பல்கனிச் சம்பவம். அஞ்சலினுக்கு இருபத்திரண்டு வயது, வெதுப்பகத்தில் வேலை. வீட்டுக் கதவுத் திறப்பை மறப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். மறந்தால் பல்கனிக் கம்பியைத் தாண்டி வந்து கண்ணாடியில் தட்டுவாள். நொவெம்பரில் ஒரு நாள், பொழுது படுகிற நேரம், அப்படித்தான் வந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேனாட் தேங்காய்த் திருவலையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். நல்ல காலம், பற்றிமா லைற்றைப் போட்டாள்.

"என்னப்பா, என்னைத் திருவப் போறியளோ?" என்றாள் அஞ்சலின்.

சிரித்தது அவள் மாத்திரம். பேனாட் திருவலையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றார். வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே புத்தி வந்திருக்கும். அவருக்கு வந்தது துவக்கு யோசனை.

"ஹுன்ஸிக்கர்ரை அலுமாரிக்குள்ளை ஆமித் துவக்கு நிக்குது. இந்த நாட்டிலை வீட்டுக்கு வீடு நிக்குது. எங்கடை வீட்டிலை மட்டும் திருவலை," என்றார்.

மூன்று கிழமையாக ரெலிபோனில் வீடியோ பார்த்தார். பன்னிரண்டாம் நம்பர்த் தோட்டாவா, இருபதாம் நம்பரா. நீளக் குழலா, கட்டைக் குழலா. நடை ஒடுக்கம் என்பதால் கட்டைக் குழல்தான் சரி. பெரிய சன்னம் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். சின்னச் சன்னம் கள்ளனோடு நின்றுவிடும். சாப்பிடும்போதும் அதே கதைதான்.

டிசெம்பரில் ஒரு சனிக்கிழமை, மொழிக்காகப் பற்றிமாவைக் கூட்டிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனார். உள்ளே, கோயிலில் மெழுகுதிரி நிற்கிற மாதிரி வரிசையாகத் துவக்குகள் நின்றன. பற்றிமா தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். துவக்கோடு வீட்டுக்குள் வந்தவர்களை அவள் ஊரில் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கத்து ஆள் வந்தாலும் முதலில் கேட்டது சோறு. கேட்டதும் எழும்பிப் போட்டாள் அம்மா. வீட்டுக்குள் ஒரு துவக்கு நின்றால் அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் மறுத்துக் கதைப்பதில்லை என்று அப்போதே அவள் கண்டுகொண்டாள்.

பேனாட் கேட்டது முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற சொட்கன்.

"இழுத்துத் தள்ளுற சத்தத்துக்கே கள்ளன் ஓடிப்போவான்," என்று பற்றிமாவுக்கு விளங்கப்படுத்தினார்.

"அப்ப அந்தச் சத்தத்தை ரெலிபோனிலை பதிஞ்சு வையுங்கோவன்."

கடைக்காரன் இளம் பெடியன், பொறுமைசாலி. அந்த வகைக்குப் பொலிஸில் முதலே அனுமதி எடுக்கவேணும் என்றான். வேட்டைக்காரர் வைத்திருக்கிற இரட்டைக்குழல் என்றால் அது தேவையில்லை. ஒப்பந்தக் கடதாசி ஒன்று, குற்றப்பதிவு இல்லை என்கிற கடதாசி ஒன்று, ஆள் அடையாளம், அவ்வளவுதான். பேனாட் இரட்டைக்குழலை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். சரித்துப் பார்த்தார். முறித்துத் திறந்து, இரண்டு குழலுக்குள்ளாலும் வெளிச்சத்தைப் பார்த்தார். அவருடைய முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது.

"இது காணும்," என்று சொல்லி, நிரந்தரமாக இங்கே இருக்கலாம் என்கிற தன்னுடைய சி பெர்மிற் அட்டையை மேசையில் வைத்தார். முப்பத்தியொரு வருசம் இந்த நாட்டில் இருந்த மனுசன். அந்த அட்டையை வைக்கிறபோது அவருக்கு எப்போதும் ஒரு மிடுக்கு வரும்.

கடைக்காரன் பார்த்தான். அட்டையைத் திரும்பத் தள்ளினான். மேசைக்குக் கீழேயிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். அதில் சில நாடுகளின் பெயர். அந்த நாடுகளின் பிரசைகளுக்குத் துவக்கு விற்கச் சட்டம் விடாது. சி பெர்மிற் இருந்தாலும் விடாது. ஸ்ரீலங்காவும் அதில் இருந்தது.

"என்னவாம்?" என்றார் பேனாட்.

பற்றிமா தமிழில் சொன்னாள். ஒரு சொல்லுக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

பேனாட் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்ரீலங்கா ஆமியின்ரை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனான். இப்ப நான் அவங்கடை ஆளாம், எனக்குத் துவக்கு இல்லையாம்."

பற்றிமாவுக்கு அந்த நேரம் அவரில் உண்மையாகவே இரக்கம் வந்தது. அது கார் வரைக்கும்தான் நின்றது.

"நீ சுவிஸ்காரிதானே," என்றார் காருக்குள். "உன்ரை பேரிலை எடுப்பம்."

அவள் சுவிஸ்காரி ஆனதற்கு அவர் முன்பு எவ்வளவு பேசினவர். பன்னிரண்டு வருசத்துக்கு முதல் அவளும் பிள்ளையும் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தபோது, மாகாணங்களின் பெயரை எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டி அவள் பாடமாக்கினாள். அவர் நேர்முகத்துக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டார். "லிம்மற் ஆறு எங்கை போய் விழுகுது எண்டு என்னட்டைக் கேப்பாங்களாம். எங்கையும் விழட்டும், எனக்கென்ன." அப்போது அவளுக்குச் சூட்டின பட்டம் வெள்ளைக்காரி. இப்போது சுவிஸ்காரி.

"நான் கையெழுத்து வைக்க மாட்டன்," என்றாள்.

அடுத்த நாள் குளிர்ப்பெட்டியில், முன்பு மாகாணங்களின் பெயர் இருந்த அதே இடத்தில், துவக்கு ஒப்பந்தக் கடதாசி காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. அவளுடைய பெயரை அவரே எழுதியிருந்தார். கையெழுத்துக் கோடு மாத்திரம் வெறுமையாக இருந்தது. அவள் ஒவ்வொரு நாளும் பால் எடுக்கிறபோது அதைப் பார்த்தாள். குளிர்ப்பெட்டியைத் துடைக்கிறபோது கழற்றித் திரும்ப ஒட்டினாள்.

பேனாட் அவள் சமைத்ததைச் சாப்பிடாமல் பாணும் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டார். "லா ஷோ-து-ஃபோனிலை தம்பி யூட் தனியத்தான் இருக்கிறான்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "நீ வைக்காட்டி நான் அங்கை போறன். பாதுகாப்பில்லாத வீட்டிலை எனக்கு என்ன வேலை." சொன்னபடி ஒரு பெட்டியை அடுக்கி நடையில் வைத்தார். அவர் அளந்த ஆறு மீற்றர் நாற்பதுக்குள் நட்டநடுவில்.

மகள் இன்னொரு பக்கம். "அம்மா, நீங்கள் சைன் வைச்சால் நான் வேறை வீடு பாக்கிறன். அந்தப் பல்கனியாலை முதல் வாறது கள்ளனில்லை, நான்."

"திறப்பைக் கொண்டு போய்ப் பழகன் பிள்ளை."

"நான் திறப்பை மறந்ததுக்கு எனக்குச் சூடோ?"

வைத்தால் மகள் போய்விடுவாள். வைக்காவிட்டால் மனுசன் போய்விடுவார். பற்றிமா மடுமாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். விடிய வேலைக்கு இறங்க முதல், அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற நேரம், அவளுடைய செபம் அந்த நேரம்தான். "தாயே, நான் ஒரேயொருக்காத்தான் பேசாமல் நிண்டன். அது வளந்து துவக்களவு நீளத்துக்கு வந்திட்டுது." செபமாலையைச் சுற்றி வைக்கிறபோது, இனி என்ன கேட்டாலும் உள்ளதை மாத்திரம் சொல்வது என்று அவளுக்கு ஒரு முடிவு வந்தது.

வெளியே வந்து சொன்னாள்: "கடைக்கு நான் வாறன். ஆனால் கேட்டால், உள்ளதைத்தான் சொல்லுவன்."

பேனாட்டின் காதில் முதல் பாதிதான் ஏறியது.

அவளுடைய பெயரில் குற்றப்பதிவுக் கடதாசியும் வந்து சேர்ந்தது. முதல் கடைக்காரன் முகம் மறந்திருக்க மாட்டான் என்று, ஜனவரியில் ஆரவ் என்கிற ஊர்ப் பக்கம் வேறொரு கடைக்குக் காரை ஓட்டினார். வழி முழுக்கப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

"மண் தட்டு எறிஞ்சு சுடுற விளையாட்டு இருக்கு. அதுக்கு எண்டு சொல்லு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பனி கிடந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதோ?"

"கேக்குது."

இந்தக் கடைக்காரர் கிழவர். மூக்கு நுனியில் கண்ணாடி. பேனாட் விரலால் காட்டின இரட்டைக்குழலை எடுத்துப் பற்றிமாவிடம் நீட்டினார். ஆளைத் தூக்கிப் பழகிய கை. அவள் அதைச் சுகமாக வாங்கித் தோளில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தியது. "அருமை," என்றார் கிழவர். பேனாட் பின்னால் நின்று முகம் சுளித்தார். அவருடைய தோளில் அது அப்படிப் பொருந்தியிருக்காது.

"துவக்கு யாருக்கு, அம்மணி?"

பற்றிமா அதை மேசையில் வைத்தாள். "இவர் என் புருசன். இவருக்குத்தான் ஆசை. ஆனால் இவர் ஸ்ரீலங்காப் பிரசை, இவருக்கு நீங்கள் தரக்கூடாது. நான் கையெழுத்து வைத்தால் துவக்கு என்னுடையது. துவக்கைப் பூட்டி வைக்கிற பெட்டகத்துத் திறப்பும் என்னிடம்தான் இருக்கும். இவருக்குக் கொடுக்க மாட்டேன்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் காலத்தில் ஒருவரும் கதைக்காத தன் ஆச்சியின் மொழியில் ஒரு தமிழ்ப் பெண் இப்படிச் சொல்கிறாள். "கொடுக்காமல் வைத்திருக்க உங்களால் முடியுமா?"

"வயோதிபர் இல்லத்தில் மருந்து அலுமாரித் திறப்பு பதினாறு வருசமாக என்னிடம். அழுது கேட்டவர்களும் உண்டு, கடித்தவர்களும் உண்டு. ஒருவருக்கும் கொடுத்ததில்லை."

"கள்ளன் வந்தால் நீங்கள் சுடுவீர்களா?"

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் வாங்குகிறீர்கள்?"

"என்ன கேக்கிறான்?" என்றார் பேனாட். "எவ்வளவு நேரம் கதைக்கிறாய். தட்டு விளையாட்டு எண்டு சொன்னியோ?"

"நான் சொல்லேல்லை. திறப்பு என்னட்டைத்தான் இருக்கும், உங்களுக்குத் தரமாட்டன் எண்டு சொன்னன்."

"விசரே உனக்கு? கள்ளன் வந்தால் நான் உன்னட்டை வந்து திறப்புக் கேக்கிறதோ?"

"ஓம். கேக்கலாம். நான் தரமாட்டன்."

"அப்ப என்ன கோதாரிக்கு இது?"

"அதைத்தான் இந்த ஐயாவும் கேக்கிறார். ஏன் வாங்கிறியள் எண்டு. என்ன சொல்லட்டும்?" அவளுடைய குரல் உயரவில்லை. கிழவிகளிடம் மருந்து குடிக்கச் சொல்கிற அதே குரல்தான். "குசினி ஜன்னலைத் தானே திறந்து விட்டிட்டு, பொலிஸ்காரிக்கு முன்னாலை என்ரை தலையிலை போட்டவருக்கு நித்திரை வரேல்லை, அதுக்காக எண்டு சொல்லட்டோ? அண்டைக்கு நான் பேசாமல் நிண்டன். உங்கடை மானத்துக்காக நிண்டன். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு போய் ஊர் முழுக்க வித்தியள். இண்டைக்கு என்னாலை பொய் சொல்ல ஏலாது. வேணுமெண்டால் சொல்லுங்கோ, இப்பவே கையெழுத்து வைக்கிறன். துவக்கு வீட்டுக்கு வரும். அதுக்கு எசமானி நான்."

பேனாட் மேசையில் கிடந்த துவக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கிழவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் விளங்கின மாதிரி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"விடு, வேண்டாம்," என்றார் பேனாட். வெளியே போய்விட்டார். கதவு மணி கனநேரம் ஆடியது.

திரும்பி வருகிறபோது ஒரேயொரு வசனம் சொன்னார்: "வெள்ளைக்காரனுக்கு முன்னாலை என்னை நாறடிச்சுப் போட்டாய்."

"அந்த மனுசனுக்குத் தமிழ் தெரியாது," என்றாள் பற்றிமா. "நீங்கள் பொலிஸ்காரிக்குச் சொன்னது அவவுக்கு விளங்கின மொழியிலை."

பதினொரு நாள் கதை இல்லை. பெட்டி நடையில் அப்படியே நின்றது. அவர் தூக்கிக்கொண்டு போகவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. அஞ்சலின் அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். பற்றிமா அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள், உள்ளுக்குக் கை வைக்கவில்லை. ஒரு மேசையில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். ஆனால் ஐந்தாம் நாள் அவர் அவளுடைய மீன்குழம்பை எடுத்துச் சாப்பிட்டிருந்தார். ஏழாம் நாள் அஞ்சலினின் திறப்பில் ஒரு சிவப்பு நாடா கட்டப்பட்டு, அவளுடைய வேலைப் பையில் தைக்கப்பட்டிருந்தது. தையல் கோணலும் மாணலும். அதை ஆர் தைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பற்றிமா பால் எடுக்கப் போனபோது குளிர்ப்பெட்டிக் கதவு வெறுமையாக இருந்தது. காந்தம் மாத்திரம் நின்றது. பேனாட் மேசையில் இருந்து தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு மணித்தியாலம் லீவு எடு. பொலிசுக்குப் போகவேணும்."

"என்னத்துக்கு?"

"அந்தப் பொலிஸ்காரி எழுதின கடதாசியிலை ஒரு பிழை இருக்கு." கோப்பையைச் சுற்றினார். "ஆர் கடைசியா வெளிக்கிட்டது எண்ட இடத்திலை."

பற்றிமா பாலைக் கோப்பையில் ஊற்றினாள். நன்றி என்றோ, சரி விடுங்கோ என்றோ அவள் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு மனமும் வரவில்லை; மூன்று மாதம் ஒரு பொய்யைச் சுமந்த தோள் உடனே லேசாகிவிடாது.

"நான்தான் மொழிபெயர்க்க வேணும்," என்றாள். "கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் பேனாட். எழும்பிப் போய், போகிற வழியில் நின்ற பெட்டியைக் காலால் சுவரோரமாக ஒதுக்கிவிட்டார்.